1981-ஆம் ஆண்டின் அந்த 64 பக்கங்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, நடத்துநர் ஒருவர் விவரிக்கும் உலகில் மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் சாகசம் செய்யும் மேசை ஆட்டம். அதில் எந்தப் பதிப்பு சிறந்தது என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் விதிநூல், அதோடு அதன் தொடர்ச்சியாக டேவிட் குக் உருவாக்கிய எக்ஸ்பெர்ட். தலா 64 பக்கம். பழைய அட்டைப்படத்தின் மீதுள்ள பாசத்தால் இப்படிச் சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். பாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என்னை அதில் கட்டிப்போட்டிருப்பது அதன் விதிகள்.

பாத்திரம் அடுத்த நிலைக்கு உயரச் சேர்க்க வேண்டிய அனுபவப் புள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கோபிளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றைக் கொன்றால் 5 புள்ளி. அதையும் குழு முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நிலவறையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் புதையலிலோ ஒவ்வொரு பொற்காசு மதிப்புக்கும் ஒரு புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 புள்ளி தேவை. வாளை மட்டும் நம்பினால் அவன் பங்குக்கே 400 கோபிளின்கள் விழ வேண்டும். அவனுடைய உயிர்ப்புள்ளியோ ஓர் எட்டுமுகப் பகடையில் விழும் எண். அது பூஜ்யமானால் மரணம், அவ்வளவுதான். சண்டை நஷ்டம் என்பதை யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆடுகிறவர்கள் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்கள். காவலுக்கு நிற்பவனை எப்படி அப்புறப்படுத்துவது, வேறு வழி உண்டா, இவ்வளவு கனத்தை யார் தூக்குவது என்று மேசையில் பேச்சு மாறுகிறது. அந்தப் பேச்சுதான் எனக்கு இந்த ஆட்டம்.

எதிர்ப்படும் உயிரினத்தின் மனநிலைக்கும் இரண்டு ஆறுமுகப் பகடைகள் உண்டு. 2 விழுந்தால் உடனே பாயும். 12 விழுந்தால் நட்பு பாராட்டும். நடுவில் முறைப்பு, குழப்பம், பேரத்துக்கு இடம். உடனடித் தாக்குதலுக்கு 36-இல் ஒரு வாய்ப்புதான்! சண்டை மூண்டாலும், கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும் மன உறுதியைச் சோதிக்க வேண்டும். தோற்றால் ஓடிவிடுவார்கள் அல்லது சரணடைவார்கள். கடைசி ஆள் சாகும்வரை வெட்டிக்கொண்டிருக்கும் சலிப்பு இங்கே அபூர்வம்.

வெளிச்சமும் நேரமும் அதே மாதிரி. ஆட்ட உலகின் பத்து நிமிடம் ஒரு சுற்று. தீப்பந்தம் ஆறு சுற்றில் அணைந்துவிடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, ஏதாவது வந்து சேர்கிறதா என்று பகடை உருளும். எனவே ஒரு சுவரை நின்று நிதானமாகத் தட்டிப் பார்ப்பதற்கும் விலை இருக்கிறது.

1977 முதல் 1979 வரை இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய, இன்னும் விரிவான அட்வான்ஸ்டு விதிநூல்கள் பெரும் கடல். படிக்கப் பிடிக்கும், ஆயுதத்தையும் கவசத்தையும் பொருத்திப் பார்க்கும் அட்டவணையோடு ஆட எனக்குப் பொறுமை இல்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கியவருக்கும் மரணத்திலிருந்து தப்பப் பகடை கிடைக்கிறது. பலருக்கு அது ஆறுதல், எனக்கு அச்சம் போய்விடுகிறது.

1981 பதிப்பில் குறையே இல்லையா? ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கக்கூடிய தொழில்களில் ஒன்றான திருடன் இருக்கிறானே. முதல் நிலையில் பொறியைக் கண்டுபிடிக்க 10 சதவீத வாய்ப்பு என்பது அநியாயம், அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பொறி இருக்கிறதா என்று அறிய, தரையில் தண்ணீர் ஊற்றி அது எந்த இடுக்கில் வடிகிறது என்று பார்க்க யாருக்கும் சதவீதம் தேவையில்லை. எல்ஃப் (காட்டுத் தேவதை போன்ற இனம்), குள்ளர் என்ற இனமே போர்வீரன், திருடன் போல ஒரு தொழிலாகவும் இருப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். பாத்திரத்தைச் சில நிமிடங்களில் உருவாக்க முடிவதற்கு அந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

புதிதாக ஆட்டம் நடத்த வருகிறவர்கள் பேசிக் பெட்டியிலேயே வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்திலிருந்து தொடங்குங்கள். அதில் கோபிளின்கள் ஆபத்து நேரத்தில் 250 பொற்காசுள்ள பையைக் கொடுத்து பக்கத்துக் குகையிலுள்ள ஓக்ர் என்ற பெரிய அரக்கனைத் துணைக்கு அழைக்கின்றன. தாராளமாகப் பணம் கொடுத்தால் அதே ஓக்ர் நம் குழுவின் பக்கமும் வரக்கூடும் என்று கைகாக்ஸ் இடம் வைத்திருக்கிறார். இதை உங்கள் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவர்களே பேரம் பேசிக் கண்டுபிடிக்கட்டும்.