அரிசி வேண்டாம், அவல் வையுங்கள்

ஆபத்து வந்தால் சட்டென்று எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக வைக்கும் அவசரப் பையில் அரிசி, பருப்பு, நூடுல்ஸ் வைக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மூணாறு எஸ்டேட் பக்கம் இருக்கும் எங்களுக்கு இது ஒத்துவராது. மண் சரிந்து ரோடு அடைபட்டால் அடுப்புக்கு எங்கே போவது? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை (வரிசை வீடுகளை) மண் மூடியது வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. ஆள் வந்து சேரும்வரை கையில் இருப்பதுதான் சாப்பாடு.

முதலில் அவல். மெல்லிசு அவல் பச்சைத் தண்ணீரிலேயே சில நிமிஷத்தில் ஊறிவிடும். கெட்டி அவலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் பசி தாங்கும். வெல்லத்தைப் பொடித்துத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். சேர்த்து வைத்தால் நம்ம ஊர் ஈரத்துக்கு வெல்லம் கசிந்து அவல் கட்டி தட்டிப்போகும்.

அடுத்து வறுத்த வேர்க்கடலை. 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, எடைக்கு இவ்வளவு தெம்பு தரும் தீனி வேறு குறைவு. கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழமும் சேர்க்கலாம். மிக்சர், காரசேவு வேண்டவே வேண்டாம், தாகம் எடுக்கும். 1 லிட்டர் தண்ணீரே 1 கிலோ, மலையில் எவ்வளவுதான் தூக்க முடியும்?

கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர் தனியாக, அதற்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் தனியாக.

ஜூன் மழைக்கு முன்னாடி ஒரு தடவை, துலாமழைக்கு (ஐப்பசி மழைக்கு) முன்னாடி ஒரு தடவை பையைப் பிரித்து எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கடலையில் சிக்கு வாடை வந்தால் பிள்ளைகள் வாயில் வைக்க மாட்டார்கள்.