கஷாயத்தை ஒளிக்காதீர்கள், டாக்டர்களே, நீங்களும் ஒளிக்க வைக்காதீர்கள்

கேன்சர் என்று ரிப்போர்ட் வந்த வீட்டுக்கு நம்ம ஊரில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். முதல் வகை, "கத்தி வெச்சா பரவிடும், மருந்து ஏத்தினா ஆளே உருக்குலைஞ்சிடுவாங்க, சிமோகா பக்கம் மரப்பட்டை தராங்களாம், வண்டி பிடிச்சுப் போய் வாங்கிட்டு வாங்க" என்பார்கள். இரண்டாவது வகை, நாட்டு மருந்து என்று வாயைத் திறந்தாலே "நீங்கல்லாம் படிச்சவங்கதானே?" என்று கேட்பார்கள். தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று நான் பார்த்த வரையில், நோயாளி இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு இரண்டையும் செய்கிறார். வைத்தியருக்குத் தெரியாமல் ஊசி, டாக்டருக்குத் தெரியாமல் கஷாயம். எனக்குக் கோபம் இந்த ஒளிவுமறைவின் மேல்தான். கஷாயத்தின் மேல் இல்லை.

நான் டாக்டர் இல்லை. பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது கூடவே இருந்து பார்த்தவன். ஆபரேஷன் முடிந்து, பெங்களூரில் 21 நாளுக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை ஊசிக்கு முந்தின ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு எகிறியிருந்தது. ஊசி தள்ளிப்போனது. வார்டில் இருந்த சின்ன டாக்டர், "வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்று பெரியம்மா சாதித்தார். அக்காதான் ஒயர்கூடையில் கையை விட்டு ஒரு நாட்டு மருந்துப் பொடிப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை, தேதி இல்லை, தயாரித்தது யார் என்று இல்லை. நியூஸ் பேப்பர் மேல் பால்பாயிண்ட் பேனாவில் "கா, மா" என்று இரண்டெழுத்து, அவ்வளவுதான்.

அவர் திட்டவில்லை. கொஞ்சம் முகர்ந்து பார்த்தார், ஃபைலில் எழுதிக்கொண்டார், நிறுத்தச் சொன்னார். கல்லீரல் கணக்கு இறங்கியது, ஊசியும் போட்டார்கள். காரணம் பொடியா, ஏற்கெனவே போட்ட ஊசியா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பெயரே தெரியாத பொடியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

பெரியம்மா ஏன் மறைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாளே இன்னொரு பெரிய டாக்டர், "என்கிட்ட வந்துட்டு வேற எவன்கிட்டயும் போகக் கூடாது, போறதா இருந்தா இங்க வராதீங்க" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அந்தக் கத்தலால் பொடி நிற்கவில்லை. கூடையின் அடிக்குப் போனது, அவ்வளவுதான் நடந்தது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்களுக்கு: கீமோ, அதாவது கேன்சருக்கு ஏற்றுகிற மருந்துகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தை ஏற்றும் நாளில் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். அதே வாரத்தில் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த மெழுகு என்கிற சித்த மருந்தை யாருக்கும் சொல்லாமல் உள்ளே தள்ளினால், அந்த உறுப்பு யாரிடம் போய் முறையிடும்? மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது என்பதும் கதைதான். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை எல்லாரும் கஷாயம் வைத்துக் குடித்தோம். அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சண்டை இருக்கட்டும், கீமோவில் இருப்பவர் அந்தச் சண்டையில் சோதனை எலியாக நிற்க வேண்டாம். சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மிளகுச் சத்து சேர்த்து, உடம்பு நிறைய இழுத்துக்கொள்ளும்படி செய்த குர்குமின் (மஞ்சள் சத்து) கேப்சூல் வேறு சமாச்சாரம். (முள் சீத்தா கீமோவை விட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாமாக்களை அந்த ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.)

ஆனால் இங்கிலீஷ் வைத்தியத்தோடு சேர்த்துச் செய்து பலன் பார்த்த விஷயங்களும் உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கீமோவால் வரும் குமட்டலுக்கு இஞ்சி கொடுத்து 576 நோயாளிகளிடம் அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். வாந்தி மாத்திரையோடு சேர்த்து அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் நன்றாகவே குறைந்தது. மும்பை டாடா மெமோரியலில் மார்பகப் புற்றுநோய் வந்த 850 பெண்களிடம் யோகாவைச் சோதித்து, நோய் திரும்பாமல் இருப்பதில் 15 சதவீதம் முன்னேற்றம் என்று 2022-ல் சொன்னார்கள். அந்தப் பெண்கள் யாரும் சிகிச்சையை விட்டுவிட்டு யோகா செய்தவர்கள் இல்லை. சிகிச்சையோடு சேர்த்துச் செய்தவர்கள். கீமோ அசதிக்குப் படுத்தே கிடப்பதை விடக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதே நல்லது என்பதற்கும் நிறைய ஆதாரம் இருக்கிறது. காசு செலவில்லாதது, அதனால்தான் யாரும் எழுதித் தருவதில்லை போல.

பத்தியம் பற்றி எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. புளி கூடாது, உப்பு கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது, பால் கூடாது. சர்க்கரை தின்றால் கட்டி வளரும் என்று பழத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே வாய் புண்ணாகி, சோறு மண்ணாக இருக்கிற மனுஷி என்னதான் தின்பாள்? எடை இறங்கினால் உடம்பு மருந்தைத் தாங்காது. டோஸைக் குறைப்பார்கள், இல்லையென்றால் தள்ளிவைப்பார்கள். நம்ம ஊர் ராகிக்களி, கொள்ளு ரசம், வேகவைத்த முட்டை, வேர்க்கடலை இதெல்லாம் கேன்சருக்கு மருந்து இல்லைதான், ஆனால் மருந்தைத் தாங்குகிற உடம்புக்குச் சாப்பாடு. ரத்தத்தில் வெள்ளணு கவுன்ட் இறங்கியிருக்கும் நாட்களில் பச்சையாக எதுவும் வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீர் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

என்னை உலுக்கியது 2018-ல் வந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு. வழக்கமான சிகிச்சையோடு மாற்று வைத்தியமும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. மூலிகை விஷமாகிவிட்டதால் அல்ல. அவர்களில் நிறையப் பேர் ஆபரேஷனையோ, கீமோவையோ, கரண்ட் வைப்பதையோ (கதிர்வீச்சு) ஏதோ ஒன்றை வேண்டாம் என்று மறுத்திருந்தார்கள். அதுதான் பெரும்பாலும் காரணம் என்று அந்த ஆய்வே சொல்கிறது. இங்கேயும் அதேதான். "ஆபரேஷன் ஆச்சு, ரெண்டு ஊசி ஆச்சு, மீதிய வேர் பாத்துக்கும்" என்று பாதியில் இறங்கியவர்களை எனக்குத் தெரியும். ஊசி பாதியில் நிற்பதற்குப் பணமும் பஸ்ஸும் கூடக் காரணம். அரூர் பக்கத்து மலை கிராமத்திலிருந்து சேலத்துக்கோ, பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருக்கும் கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ போய் வர ஒரு நாள் கூலி போகும், கூட வருபவர் கூலியும் போகும். முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை இருக்கிறது. அட்டை எடுக்காமல் இருப்பவர்கள் முதலில் அதை எடுங்கள்.

நித்தியகல்யாணி நம்ம வீட்டு வாசலிலேயே பூக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். ஒரு ஊசிக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாமல் அளந்து போடுகிறார்கள், தாண்டினால் நரம்பு போகும். அதை விட்டுவிட்டு, செடியே இருக்கிறதே என்று இலையைக் கசக்கிக் குடிப்பவருக்கு அந்த அளவை யார் சொல்வது?

சித்த மருத்துவ நண்பர்கள் கோபப்பட வேண்டாம், உங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. பல அரசு ஆஸ்பத்திரி வளாகங்களில் நீங்களும் ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறீர்கள். நோயாளியின் அதே நோட்டில் நீங்களும் மருந்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன? டாக்டர்களுக்கும் இதே கேள்விதான்: "வேற என்ன சாப்பிடறீங்க?" என்பதை அதட்டாமல் கேட்டால் என்ன? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். வலி நிவாரணத்துக்கும் பிசியோதெரபிக்கும் இன்று வீடு வரைக்கும் ஆள் வருகிறார்கள். அப்படி வருகிற சகோதரிகளின் பதிவேட்டில் வீட்டில் எடுக்கும் நாட்டு மருந்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லி மாவட்ட சுகாதார அதிகாரிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். சேர்ந்து கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம்.