ஹானிமனைத் திட்டாதீர்கள், ஆனால்...

ஹோமியோபதி பேச்சு எடுத்தாலே அதை உருவாக்கிய ஹானிமனை ஏமாற்றுக்காரர் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1755-இல் ஜெர்மனியின் மைசென் நகரில் பிறந்து, முறையாக மருத்துவம் படித்தவர் அவர். அந்தக் காலத்து டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் ரத்தத்தை இறக்குவார்கள், பாதரசம் கொடுப்பார்கள். அதைப் பார்த்து வெறுத்துப்போய்த் தொழிலை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பு செய்து பிழைத்தார் மனிதர்.

1790-இல் ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் கல்லனின் மருந்து நூலை மொழிபெயர்த்தபோது, சின்கோனா பட்டை மலேரியாக் காய்ச்சலைத் தீர்ப்பதற்கு அதில் சொல்லியிருந்த காரணம் அவருக்கு ஒப்பவில்லை. தானே பட்டையைச் சாப்பிட்டுப் பார்த்தார். விரல் நுனி சில்லிட்டது, நெஞ்சு படபடத்தது, உடம்பு சோர்ந்தது. காய்ச்சலைத் தீர்ப்பதே காய்ச்சல் குறிகளை உண்டாக்குகிறதே என்று யோசித்தார். ஒத்ததை ஒத்தது தீர்க்கும் என்ற கொள்கை அங்கிருந்து கிளம்பியதுதான். 1810-இல் அந்தக் கொள்கையை விளக்கும் அவருடைய 'ஆர்கனான்' நூல் வந்தது.

தன் உடம்பிலேயே சோதித்த துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அப்புறம் அதே பட்டையிலிருந்து எடுக்கும் குயினைன் சாப்பிட்ட லட்சக்கணக்கான பேருக்கு மலேரியா மாதிரி எதுவும் வரவில்லையே! அடித்தளமே அங்கே ஆட்டம் காண்கிறது.

அடுத்தது வீரியம், அதாவது மருந்தை நீர்க்க வைத்துக் குலுக்கக் குலுக்கச் சக்தி கூடும் என்ற நம்பிக்கை. தாய்த் திரவத்தில் (மூல மருந்தின் நீர்க்காத சாறு) ஒரு சொட்டு, 99 சொட்டு ஆல்கஹால், நன்றாகக் குலுக்கு. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி அதே. இப்படி 30 தடவை செய்தால் 30சி. நம் குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை நிரம்பி வழியும்போது ஒரு சொட்டு மருந்தை விட்டுக் கலக்கினாலும், கணக்குப்படி ஏறக்குறைய 7சி-தான் வரும். 12சி தாண்டினாலே மூல மருந்தின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுவது சந்தேகம். (தாய்த் திரவமும் குறைந்த வீரியமும் வேறு கதை. அவற்றில் சரக்கு உண்டு.) 2015-இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றது.

அப்படியானால் சிஎம்சி மாதிரி பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரில் ஹோமியோ கிளினிக் வாசலில் ஏன் இத்தனை செருப்பு? பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் டோக்கன் போட்டுக் காத்திருந்தால் டாக்டர் முகத்தைப் பார்ப்பது சில நிமிடம். ஹோமியோ டாக்டரோ உட்கார வைத்து, தூக்கம் எப்படி, கனவு வருமா, புளிப்பு பிடிக்குமா, வெயில் ஒத்துக்கொள்ளுமா, யார் மேல் கோபம் என்று முக்கால் மணி நேரம் கேட்கிறார். வேலூர் வெயில் யாருக்கு ஒத்துக்கொள்ளும், அது வேறு விஷயம்! மாமியார் தொல்லையைக்கூடக் குறித்துக்கொள்கிற டாக்டர் வேறெங்கே கிடைப்பார்? பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடுகிறது. தானாக ஏறி இறங்கும் சளி, தோல் அரிப்பு, மூட்டுவலிக்கெல்லாம் அதுவே போதும் என்று தோன்றும். டாக்டர் தரும் சர்க்கரை உருண்டைக்குப் பேர் கிடைக்கிறது.

சரி, யாருக்கும் நஷ்டமில்லையே என்பீர்கள். மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது நஷ்டம் உண்டு. "பக்கவிளைவே இல்லை" என்று மூன்று நாள் உருண்டையை நக்கிக்கொண்டிருந்து, தட்டணுக்கள் சரிந்த பிறகு ஆட்டோ பிடித்து ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த காட்பாடி ஹோமியோ டாக்டர் ஒருவர், காய்ச்சல் என்று வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் எழுதித் தருவார். அவரிடம் என் அம்மா மூட்டுவலிக்குப் போகிறார், நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்.