எல்லா 9 வோல்ட் அடாப்டரும் ஒன்றல்ல

"9 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதும், எந்த அடாப்டரையும் கிட்டார் பெடலில் (கிட்டாரின் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி) குத்தலாம்" என்று தம்பி ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் சர்ச் கொயரில் வாசிக்கிற பசங்க இதை நம்பிச் செய்துவிடுவார்கள். கிட்டார் பெடலில் அடாப்டர் குத்தும் இடத்தில் வழக்கமாக நடுமுனை மைனஸ். கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். மாற்றிக் கொடுத்தால் பெடலுக்குள் இருக்கும் ஐசி (சிப்) போய்விடும். அடாப்டர் மேல் உள்ள குறியைப் பாருங்கள், பெடலுக்குள் பிளஸ் லைனில் ஒரு 1என்5817 டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போடுங்கள். 1என்4007-ம் காக்கும்தான், ஆனால் 0.7 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும்.

அப்புறம், நீங்களே பெடல் செய்து சின்ன அலுமினியப் பெட்டியில் வைப்பதென்றால் உலோக டிசி ஜாக் (அடாப்டரைக் குத்தும் துளை) வேண்டவே வேண்டாம். ஜாக்கின் வெளிப்பக்கம் பிளஸ், பெட்டியோ கிரவுண்ட் (மைனஸ்), இரண்டும் தொட்டால் ஷார்ட். பிளாஸ்டிக் ஜாக்கே வாங்குங்கள்.