தடை செய்யப்பட்ட படமா அது?

"ஜப்பான்காரர்கள் எடுத்த ராமாயண கார்ட்டூனை இந்தியா தடை செய்தது, அந்தப் பரபரப்பில்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்று கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஜப்பானிய இயக்குநர் யுகோ சாகோவும் நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் இயக்கத்தில் பங்கேற்ற 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற அந்தப் படம் 1993-லேயே இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பிறகு டிவியிலும் வந்தது. அப்போது தியேட்டர்களில் பரவலாக வரவில்லை, அவ்வளவுதான். 2025 ஜனவரி 24-ல் தமிழிலும் வெளியானது.

சரி, பிள்ளைகளை இழுப்பது எது? என் அண்ணன் மகனுக்குத் தடை என்றால் என்னவென்றே தெரியாது. வெளியே மூடுபனி, கம்பளிக்குள் காலை இழுத்துக்கொண்டு, கும்பகர்ணனை எழுப்பும் இடத்தை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தான். அப்புறம், "சித்தப்பா, கதையிலயும் இவ்வளவு பெருசா இருப்பானா?" என்றான். கம்பராமாயணத்தை எடுத்து, கும்பகர்ணனை எழுப்பும் பாட்டைப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டான்.