நடவுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய உதவி

எங்காவது பூமி அதிர்ந்தால் அன்றைக்கே நம் வாட்ஸ்அப் குரூப்களில் வசூல் ஆரம்பித்துவிடும். நல்ல மனசுதான், அதில் எனக்குக் குறையே இல்லை. என் ஆதங்கம் வேறு. கொடுக்க வேண்டியதையெல்லாம் முதல் பத்து நாளிலேயே கொடுத்து முடித்துவிடுகிறோம். வீடு இடிந்தவனுக்கு அதற்குப் பிறகுதான் மழை வரும், நடவு வரும், குளிர் வரும், வீடு கட்டுகிற கவலை வரும். அந்தந்தக் காலத்துக்குள் கைக்குப் போகாத உதவி, எத்தனை கோடியாக இருந்தாலும், பாதிக்கு மேல் வீண் என்றுதான் சொல்வேன்.

நேபாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு. கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் பக்கம் மையம் கொண்ட நிலநடுக்கம், அளவு 7.8. மே 12-ஆம் தேதி மறுபடியும் 7.3. கிட்டத்தட்ட 9,000 உயிர்கள் போயின. லாங்டாங் கிராமத்தைப் பனியும் பாறையும் சரிந்து வந்து மூடிவிட்டன. அங்கே பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை சனிக்கிழமைதான். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்து விழுந்த அந்த நேரத்தில் உள்ளே பிள்ளைகள் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உலகம் முழுக்க உதவி கிளம்பியது. காத்மாண்டு விமான நிலையத்தில் இருப்பதோ ஒரே ஓடுபாதை. அதுவும் சேதமாகி, பெரிய விமானங்களை இறக்க முடியாமல் கட்டுப்பாடு போட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வந்திறங்கியவற்றில் டூனா மீனும் மயோனிசும் இருந்தன. இவை எங்களுக்கு எதற்கு, தானியமும் உப்பும் சர்க்கரையும் அனுப்புங்கள் என்று அன்றைய நிதியமைச்சர் ராம் சரண் மஹத் வாய்விட்டே கேட்டார். அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

நமக்கு இது புதிதா என்ன? 2004 டிசம்பர் சுனாமியும் சுமத்ரா பக்கம் கடலடியில் வந்த நிலநடுக்கத்தால் எழுந்ததுதான். நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. ரோட்டோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்து, நனைந்து, நாறி, கடைசியில் அள்ளிப்போடுவதே தனி வேலையாகிப் போனது. மீனவக் குடும்பங்களில் பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. கடலில் இறங்கிச் சம்பாதித்துச் சாப்பிட்டவர்கள். ஊரார் உடுத்திக் கழித்ததை அவர்கள் ஏன் உடுத்த வேண்டும்?

சரி, மறுபடியும் நேபாளத்து மலைக்கிராமத்துக்குப் போவோம். ஏப்ரல் கடைசியில் வீடு விழுகிறது. ஜூன் நடுவில் மழை இறங்கிவிடும். தார்ப்பாய் அந்த மலைக்காற்றுக்கும் மழைக்கும் எத்தனை நாள் தாங்கும்? அவர்களுக்கு வேண்டியிருந்தது தகரம். இடிபாட்டிலிருந்து பழைய உத்திரத்தையும் சட்டங்களையும் உருவி, மேலே தகரத்தை ஆணியடித்துவிட்டால் ஒரு குடும்பம் மழைக்காலத்தைத் தள்ளிவிடலாம். பிறகு வீடு கட்டும்போது அதே தகரம் கூரைக்கும் ஆகும். தற்காலிகக் குடிசைக்கென்று அரசு 15,000 நேபாள ரூபாய் கொடுத்தது. சின்னத் தொகைதான். ஆனால் எதை முதலில் வாங்குவது என்று முடிவு செய்கிற உரிமை அந்த வீட்டுக்காரர் கையில் இருந்தது.

அடுத்தது நடவு. நேபாளத்தில் ஆசார் மாதம் 15-ஆம் தேதி நடவுத் திருநாள். நம் கணக்குக்கு ஆனி நடுவில் வரும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஊர்களில் விதைநெல்லை வீட்டுக்குள்தான் வைத்திருப்பார்கள். வீடு விழுந்தபோது விதையும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் நடவுக்கு முன்பாக விதைநெல்லும், தானியம் சேர்த்துவைக்கக் காற்றுப்புகாத பைகளும் கொடுக்க ஓடியது. இதை எந்த டிவியும் பெரிதாகக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஒரு மூட்டை அரிசி ஒரு மாதத்துச் சாப்பாடு. நேரத்துக்குப் போன விதை அடுத்த வருஷம் முழுவதற்கும் சாப்பாடு.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. நிலச்சரிவில் பாதை அறுந்த ஊர்களுக்குச் சாமான் கொண்டுபோக, உலக உணவுத் திட்டம் மலையேற்றத் தொழிலில் இருந்த வழிகாட்டிகளையும் சுமைதூக்கிகளையும் கோவேறு கழுதைகளையும் வைத்துக்கொண்டது. சுற்றுலா படுத்துவிட்ட வருஷம் அது. சாமானும் மேலே போனது, அந்த ஆட்களுக்குக் கூலியும் கிடைத்தது.

இவ்வளவு நல்லது நடந்தும், வீடு கட்டும் விஷயத்தில் காலம் கைநழுவிப் போனது. 2015 ஜூனில் காத்மாண்டுவில் மாநாடு கூட்டி, உலக நாடுகள் 440 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். மறுகட்டுமான ஆணையம் வேலைக்குத் தயாராக டிசம்பர் ஆகிவிட்டது. நடுவில் அரசியல் சட்டத் தகராறு, இந்திய எல்லையில் மாதக்கணக்கில் லாரிகள் நின்றுபோய் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்த நாட்டில், எத்தனையோ பேர் முதல் குளிர்காலத்தைத் தகரத்துக்குக் கீழேதான் கழித்தார்கள். மலையில் குளிரில் தகரம் எப்படிச் சில்லிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீடு கட்ட அரசு முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் என்றது, பிறகு 3 லட்சமாக்கியது. நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. மூன்று தவணை, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ஜினீயர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது. அடுத்த நிலநடுக்கத்தில் அதே வீடு ஆளைக் கொல்லக் கூடாது என்பதால் இந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் லால்புர்ஜா, அதாவது நிலப் பட்டா, கையில் இல்லாதவர்கள் ஆரம்பத்தில் வரிசையிலேயே சேர முடியவில்லை. யாருடைய நிலத்திலோ தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு, இடிந்தது மட்டும் அவர்கள் வீடு, பணம் கேட்கும்போது அது அவர்கள் வீடில்லை. இது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

அந்த வருஷங்களில் பல வீடுகளைத் தாங்கியது வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்த்த பிள்ளைகள் அனுப்பிய பணம். தங்களுக்கு எப்போது என்ன தேவை என்று வீட்டிலிருப்பவர்கள் போனில் சொல்வார்கள், இவர்கள் அனுப்புவார்கள். இதைவிடச் சரியான நிவாரண முறையை நான் பார்த்ததில்லை.

2023 நவம்பர் 3 இரவு நேபாளத்தின் ஜாஜர்கோட், மேற்கு ருகும் மாவட்டங்களில் மறுபடியும் அதிர்ந்தது. 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குளிர் தொடங்குகிற மாதம் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தார்ப்பாய்க்கு அடியில் குளிர் தாங்காமல் முதியவர்கள் இறந்ததாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது.

ஆகவே வசூல் செய்கிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சேர்ந்த பணத்தில் பாதியை இப்போது அனுப்புங்கள். மீதியை வங்கியில் வைத்து, அந்த ஊரில் மழை எப்போது, நடவு எப்போது, குளிர் எப்போது என்று அங்கே களத்தில் இருக்கும் அமைப்பிடம் கேளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாக அனுப்புங்கள், பொருளாக வேண்டாம், பணமாக. பட்டா இல்லாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டுவிட்டே அனுப்புங்கள்.