ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே எல்லா சுகர் மருந்தையும் நிறுத்தணுமா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே சுகர் மாத்திரை, இன்சுலின் எல்லாத்தையும் நிறுத்திடுங்க." தவறு.

3 நாள் கணக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளுக்குத்தான். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மருந்துகள் இவை. ஆபரேஷனுக்கான பட்டினியும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மீட்டரில் சுகர் 180 என்று சாதுவாகக் காட்டும்போதே இது நடக்கக்கூடும் என்பதுதான் வில்லங்கம்.

மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் ஆபரேஷன் அன்று மட்டும் விட்டால் போதும். கிளிமிபிரைடும் அன்று காலை வேண்டாம். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்கினால், கொண்டை ஊசி வளைவில் வரும் தலைசுற்றல் மலைப்பாதையாலா, சுகர் இறங்கியதாலா, யார் கண்டது?

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நீங்களாக அடியோடு நிறுத்தாதீர்கள். டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பொதுவாக அளவை 20–25 சதவீதம் குறைப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்லட்டும். அவரிடம் மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது.